நூல் கட்டிய பாட்டில்கள்

நான் பேய்க்கதை சொல்லிப் பிழைக்கிறவள் இல்லை. பழைய வீடுகளைக் காலி பண்ணிக் கொடுத்துப் பிழைக்கிறவள். இதைப் படித்துவிட்டுக் கட்டுக்கதை என்று சொல்கிறவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் ஒன்பது நாள் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு கிடந்த ஆஸ்பத்திரிச் சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. என் வலது கை ஆள்காட்டி விரல் நகத்தில் ஒரு சிவப்புக் கறையும் இருக்கிறது. நகம் வளர வளர வெட்டி எறிகிறேன். கறை மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது ராத்திரி நடக்கவில்லை. போன மாசி மாதம், ஒரு புதன்கிழமை, பட்டப்பகலில் நடந்தது.

என் பெயர் முனீஸ்வரி. வீட்டுக்காரர் பெயர் வெள்ளைத்துரை. எங்களிடம் ஒரு குட்டியானை லோடு வண்டி உண்டு. வீட்டை விற்கிறவர்கள், இடிக்கிறவர்கள் எங்களைக் கூப்பிடுவார்கள். நாங்கள் போய் உள்ளே கிடக்கும் குப்பை கூளம் அத்தனையும் அள்ளிப்போட்டுத் துடைத்துக் கொடுத்துவிட்டு வருவோம். கொரோனா இரண்டாவது அலையில் அவருக்கு மோப்பம் போய்விட்டது. பிழைத்து வந்ததே பெரிது என்று விட்டுவிட்டோம். மீன் குழம்பா சாம்பாரா என்று தட்டைப் பார்த்துத்தான் சொல்வார். காஸ் கசிந்தாலும் தெரியாது, துணி கருகினாலும் தெரியாது. அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் நான் உள்ளே போய் மோந்து பார்ப்பேன். "எனக்கு மூக்கு என் பொண்டாட்டிகிட்ட இருக்கு" என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வீடு செல்லூரில் இருந்தது. சந்துக்குள் வண்டி நுழையாது. முக்கில் நிறுத்திவிட்டு நடந்தோம். இரண்டு பக்கமும் தறி ஓடுகிற சத்தம். பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுவதற்கே கத்த வேண்டும். அந்த வீட்டின் சொந்தக்காரர் பெயர் ஹரிஷ்குமார். முப்பத்தைந்து வயதிருக்கும். கோச்சடையில் அப்பார்ட்மென்ட் வாங்கிக் குடியேறிவிட்டாராம். அப்பா செத்து ஆறு மாதம். வெள்ளிக்கிழமை அந்த வீட்டைப் பத்திரம் முடிக்கிறார்கள்.

"பின்னாடி ரூமு மட்டுந்தாங்க்கா. எங்க அப்பா பாத்ரூம் கழுவ வாங்கி வச்சது. ஆசிட்டு, பிளீச்சிங் பவுடரு, அம்புட்டுதான். அந்த ரூம்லயே குழி இருக்கு. ஊத்தித் தண்ணி விட்ருங்க" என்றார்.

இந்த மாதிரிச் சரக்கை எடுக்க முறையான ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் வந்தால் பேப்பரில் எழுதுவார்கள். என்ன சரக்கு, எவ்வளவு, குடியிருக்கிற வீட்டில் எதற்கு வைத்தாய் என்று கேட்பார்கள். எங்களை மாதிரி ஆட்கள் கேட்கமாட்டோம். அதனால்தான் எங்களைக் கூப்பிட்டார். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் போனேன். அதற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது.

மணி 10.35-க்குச் சாவியைக் கொடுத்தார். பேசியதெல்லாம் வாசலறையில் நின்றுதான். கொல்லைப் பக்கம் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

10.50-க்கு அந்த ரூமுக்கு வந்தோம். கொல்லையைத் தாண்டி, கடைசியில், தனியாக ஒரு ரூம். மரக்கதவு. பூட்டு இல்லை. வெளியே மட்டும் கனமான இரும்புத் தாழ்ப்பாள். கதவுக்கு அடியில் உள்ள இடைவெளியில் ஒரு பழைய சேலையைச் சுருட்டி, வெளியிலிருந்து இறுக்கித் திணித்து வைத்திருந்தார்கள்.

"எலிக்கு அடைச்சிருப்பாக" என்றார் அவர். பிடுங்கிப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தார்.

நான் முதலில் போனேன். பிளீச்சிங் பவுடர் வாடை. அதற்கு அடியில் அழுகின முட்டை மாதிரி இன்னொரு வாடை. ஜன்னல் கிடையாது. சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சிவப்பும் நீலமுமாகத் தெறித்துக் காய்ந்த கறை. மூலையில் குழி, அதன் மேல் இரும்பு வளையம் வைத்த கடப்பைக் கல். வாய் கட்டாத பிளீச்சிங் பவுடர் சாக்கு ஒன்று. பாட்டில்கள் நாற்பத்து மூன்று. எண்ணிப் பார்த்தேன். பாத்ரூம் கழுவ நாற்பத்து மூன்று பாட்டிலா, வீட்டில் யானை கட்டிக் குளிப்பாட்டினார்களா என்று கேட்டு அவரைச் சிரிக்கவைத்தேன். பாத்ரூமுக்கு வாங்கினதாவது, மண்ணாவது! அங்கே ஓடியது சாயப்பட்டறை.

எல்லாமே நாம் பஸ்ஸில் வாங்கிக் குடிக்கிறோமே, அந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். மேலே ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டார்கள். உள்ளே தண்ணீர் மாதிரியே ஏதோ ஒன்று. எது ஆசிட், எது காரம் என்று அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். குடிக்கிற பாட்டிலில் ஆசிட்டை ஊற்றி வைக்கிறவன் மனுசனா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஒவ்வொரு பாட்டிலாகக் கொல்லைக்குக் கொண்டுவந்து வரிசையாக வைத்தோம். சில பாட்டில்களின் கழுத்தில் மெல்லிசாக ஒரு கறை, வளையம் மாதிரி. எதையோ கட்டி அவிழ்த்த தடம். அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

11.15-க்கு கிளவுசும் மணல் மூட்டையும் எடுக்க நான் வண்டிக்குப் போனேன். அவர் உள்ளே தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் திரும்பி வரும்போது 11.32. போனைப் பார்த்தேன், அதனால் தெரியும்.

பாட்டில் அத்தனையிலும் நூல் கட்டியிருந்தது.

பன்னிரண்டில் சிவப்பு நூல். பத்தொன்பதில் வெள்ளை. மிச்சத்தில் நீலம். கழுத்தில் இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. எல்லா முடிச்சும் ஒரே மாதிரி.

"ஏங்க, நேரம் போகலன்னு நூலு கட்டி வெளாண்டீகளா?"

அவர் வெளியே வந்து பார்த்தார். "எந்த நூலு? நீதான கட்டிட்டுப் போன?"

"நான் இப்பத்தான வாரேன்."

"நானும் உள்ளயேதான இருக்கேன்."

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு சரியாக வரவில்லை.

ஒரு சிவப்பு நூலைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். இப்போதுதான் சாயத்தில் முக்கி எடுத்த மாதிரி. விரலில் ஒட்டிக்கொண்டது. குழாயில் தேய்த்துக் கழுவினேன்... போகவில்லை.

11.47-க்கு இருமல் கேட்டது.

மூன்று தடவை. கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் மூன்று. ரூமுக்குள்ளிருந்து. நெஞ்சைப் பிடுங்கிக்கொண்டு வருகிற இருமல். அவர் உள்ளேதான் இருக்கிறார் என்று நினைத்து, "மூஞ்சியக் கட்டிக்கிட்டு வேல பாருங்கன்னா கேக்குறீகளா?" என்று கத்தினேன்.

"என்னவாம்?" என்றார்.

என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

"நீ இருமுனன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

தறிச் சத்தத்தில் அவர் பேசியதே எனக்குப் பாதிதான் கேட்டது. ஆனால் அந்த இருமல் காதுக்குப் பக்கத்தில் இருமுகிற மாதிரி கேட்டது. ரூமை எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. அந்தப் பவுடர் சாக்கு இருந்தது. அதன் வாயை இப்போது யாரோ சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மஞ்சள் நூல்.

"போயிருவோம்" என்றேன்.

"பேய்க்குப் பயந்து ஓடி வந்துட்டோம்னா நாளைக்கு எவன் நம்மளக் கூப்பிடுவான்? ஒண்ணரை மணி நேர வேல. முடிச்சுட்டுப் போறோம்."

ஹரிஷ்குமாருக்குப் போன் போட்டேன். 11.58. "சார், இந்த ரூம்ல முன்னாடி யாராச்சும் வேல பாத்தாகளா?" என்று கேட்டேன். அதை விட்டுவிட்டு, "ரெண்டு மணிக்குள்ள முடிச்சிருங்க" என்று வைத்துவிட்டார்.

எனக்குப் பயத்தோடு ஒரு பிடிவாதமும் வந்தது. அது எனக்குப் பிறவிக்குணம். சிவப்பு நூல் பாட்டில் ஒன்றைத் திறந்து, ஒரு சொட்டு சிமெண்டுத் தரையில் விட்டேன். சொர்ர்... என்று பொங்கியது. ஆசிட். இன்னொரு சிவப்பு. அதுவும் பொங்கியது. வெள்ளை நூலைத் திறந்து விட்டேன். பொங்கவில்லை. கிளவுசோடு தேய்த்தால் சோப்பு மாதிரி வழுக்கியது. காரம். நீலத்தைத் திறந்ததும் அந்த அழுகின முட்டை வாடை. ஏழெட்டு பாட்டில் சோதித்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விளையாட்டுக்குக் கட்டின நூல் இல்லை அது. எதில் எது இருக்கிறது என்று தெரிந்த யாரோ கட்டியிருக்கிறார்கள்... எங்களுக்காக.

நான் செய்த தப்பை இங்கே மறைக்காமல் சொல்கிறேன். நூல் சொன்னதை நம்பினேன். சிவப்பு ஆசிட் என்று தெரிந்துவிட்டதே, இனி என்ன என்று நினைத்தேன். "பவுடர் சாக்க மொதல்ல வெளிய கொண்டாந்துருங்க. ஆசிட்டும் அதுவும் சேரக்கூடாது" என்றேன். கொண்டுவந்தார். "செவப்பு நூல மட்டும் ஒவ்வொண்ணா குழியில ஊத்துங்க. வேற எதையும் தொடாதீக" என்றேன்.

நான்தான் சொன்னேன்.

12.20. இரண்டு கையிலும் இரண்டு பாட்டிலோடு உள்ளே போனார். பாட்டிலைக் கீழே வைத்து, கடப்பைக் கல்லைக் கதவுக்கு வெளியே இழுத்துத் தள்ளிவிட்டு, குழிப் பக்கம் குனிந்தார்.

கல் என் காலடியில் கிடந்தது.

அதன் இரும்பு வளையத்தில் ஒரு நூல். இரண்டு சுற்று. ஒரு முடிச்சு.

மஞ்சள்.

குழிக்குள்ளும் பவுடர்... யாரோ முன்பே குழியில் கூட்டித் தள்ளி, மேலே கல்லைப் போட்டு மூடியிருக்கிறார்கள்...

"ஊத்தாதீக!"

ஊற்றிவிட்டார்.

பச்சையும் மஞ்சளுமாகப் புகை எழுந்தது. அவருக்கு வாடை தெரியாது. புகையையும் பார்க்கவில்லை. இரண்டாவது பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நான் கதவிலிருந்து நான்கு அடி தூரத்தில் நின்றேன். ஓடினேன்.

கதவு சாத்திக்கொண்டது.

காற்று இல்லை. கதவைத் தொட ஆளும் இல்லை.

க்ளக்.

தாழ்ப்பாள் தானாக விழுந்தது. என் கண் முன்னால். 12.24.

இழுத்தேன். வரவில்லை. கத்திக்கொண்டே இரண்டு கையாலும் இழுத்தேன். ஒரு நூல் அளவுகூட அசையவில்லை.

உள்ளே அவர் இருமினார்.

கூடவே இன்னொருவரும் இருமினார்.

இரண்டு பேர்... மாற்றி மாற்றி...

"முனீசு..."

அப்புறம் ஒருவர் மட்டும் இருமினார்.

அது அவர் இல்லை.

பக்கத்து வீட்டுக் கொல்லைக் கதவு படாரென்று திறந்தது. ஒரு அம்மா ஓடி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் அம்மிக்குழவி. என்ன ஏது என்று கேட்கவில்லை. என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளைக் குழவியால் மூன்று போடு போட்டார். திறந்தது. கதவுக்குப் பக்கத்திலேயே குப்புறக் கிடந்தார் என் வீட்டுக்காரர். இரண்டு பேருமாகக் காலைப் பிடித்து வெளியே இழுத்தோம். ரூமுக்குள் வேறு யாரும் இல்லை.

108-க்குப் போன் பண்ணியதும் அந்த அம்மாதான். ஆம்புலன்ஸ் சந்து முக்கில் நின்றது. தெருவே கூடித் தூக்கிக்கொண்டு போனது. பிழைப்பது கஷ்டம் என்று முதல் இரண்டு நாள் சொன்னார்கள். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தார். ஹரிஷ்குமார் வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போலீசில் கேட்டதற்கு, "வாசலறையக் கூட்டத்தான் சொன்னேன். அந்த ரூம யார் தொறக்கச் சொன்னது?" என்றாராம். எங்களிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை அவர் பத்திரம் முடித்துவிட்டார். அவர் நன்றாக இருக்கட்டும் என்று சொல்ல நான் ஒன்றும் மகாத்மா இல்லை.

குழவியோடு வந்த அம்மாவின் பெயர் நாகமணி. தனியாக இருக்கிறார். அவர் மட்டும் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சரியாகப் பன்னிரண்டே காலுக்குத் தூக்குவாளியில் எனக்குச் சாப்பாடு. ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அதிகம் பேசமாட்டார். இரண்டு இருபதுக்கு எழுந்து போவார். சொந்தம் பந்தமெல்லாம் ஒரு தடவை வந்துவிட்டு நின்றுவிட்டது. இந்த அம்மா மட்டும் வருகிறாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஏழாம் நாள் நான்தான் கேட்டேன். "அம்மா, அந்த ரூம்ல யாரு வேல பாத்தா?"

ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"சின்னத்தாயின்னு ஒருத்தி. எழுதப் படிக்கத் தெரியாது. பத்தொன்பது வருசம் அங்கதான் சாயம் போட்டா. எந்தப் பாட்டில்ல என்னன்னு தெரிய, கழுத்துல நூலு கட்டி வச்சிருப்பா. ஆசிட்டுக்குச் செவப்பு. பவுடருக்கு மஞ்ச."

என் நகத்துச் சிவப்பைப் பார்த்தேன்.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி, வீட்டுக்குள்ள சாயம் போடுறாகளான்னு பாக்க அதிகாரிக வாராகன்னு பேச்சு. அப்பனும் மகனும் ராவோட ராவா கேன்ல இருந்ததையும் தண்ணி பாட்டில்ல மாத்திட்டாக. அவ பாட்டில்ல இருந்த நூலையும் அறுத்துட்டாக. அவகிட்ட ஒரு வார்த்த சொல்லல. மறுநா எப்பவும் போல வந்தா. பவுடர் தொட்டியில எதையோ எடுத்து ஊத்திட்டா."

"யாரும் தூக்கலையா?"

"தெருமுனையில ஜீப்பு நிக்குதுன்னாக. நாத்தம் வெளிய போகக்கூடாதுன்னு கதவச் சாத்தித் தாழ்ப்பாப் போட்டாக. கீழ அவ சேலையவே வச்சு அடைச்சாக. சாயங்காலமாத்தான் ஆட்டோவுல ஏத்துனாக. ரோட்டுல மயங்கி விழுந்து செத்துட்டான்னு எழுதிக்கிட்டாகளாம்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?"

"அந்த ரூமுக்கும் எங்க வீட்டு ஹாலுக்கும் ஒரே சுவருதான். பன்னண்டரைக்கு இரும ஆரம்பிச்சா. ரெண்டேகால் வரைக்கும் இருமுனா."

"கேட்டுட்டு என்ன பண்ணீக?"

தூக்குவாளி மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"டிவி சத்தத்தக் கூட்டி வச்சேன்."

வார்டில் யாரோ குழந்தைக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த அம்மா இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் இல்லை. காலில் விழுந்து கும்பிட வேண்டும். அதே நேரம் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"இந்தத் தடவ அந்த இருமலக் கேட்டுத்தான் ஓடி வந்தீகளா?"

"இருமல் எதுவும் எனக்குக் கேக்கலம்மா. டிவி பாத்துக்கிட்டு இருந்தேன். தானா சத்தம் கூடுச்சு. ரிமோட்ட அமுக்குனேன், கொறையல. ஆஃப் பண்ணேன், படம் போயிருச்சு, சத்தம் போகல. பிளக்கப் பிடுங்குனேன்... அப்பவும் கூடிக்கிட்டே போச்சு. காதப் பொத்திக்கிட்டுக் கொல்லக்கதவத் தொறந்தேன். அப்பத்தான் நீ கத்துறது கேட்டுச்சு."

"அதுக்கப்புறம்?"

"பிளக்கு இன்னும் பிடுங்கித்தான் கெடக்கு. தினமும் பன்னண்டரைக்கு ஆரம்பிக்குது. ரெண்டேகாலுக்கு நிக்குது. வீட்டுல இருக்க முடியல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏழு நாளாக அவர் எனக்காக வரவில்லை. என் வீட்டுக்காரருக்காகவும் வரவில்லை.

எழுந்துபோய்த் தூக்குவாளியைக் கழுவிக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். "நாளையிலருந்து வர வேணாம்மா. இப்பக் கெளம்புங்க" என்றேன். என் குரல் எனக்கே கசந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி 1.40.

"இன்னும் முப்பத்தஞ்சு நிமிசம் இருக்கும்மா..." என்றார்.